கம்பெனி கைவிட்ட சிசிடிவி டிவிஆர்... ஃபர்ம்வேரை நாமே மாற்ற முடியுமா? ஒரு விரிவான பார்வை

வாசலில் கேமரா. கடையில் கல்லாவுக்கு மேலே கேமரா. அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் கேமரா. இந்தக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் பதிவு செய்யும் பெட்டியை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஏதாவது ஒரு அலமாரிக்கு மேலே, தூசி படிந்து, வருஷக்கணக்கில் ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் டிவிஆர்.

2025 ஜூனில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. டிபிகே என்ற நிறுவனத்தின் சில டிவிஆர் மாடல்களில் உள்ள ஓட்டை வழியாக மிராய் வகை வைரஸ் நுழைந்து, அவற்றைத் தாக்குதல் கருவிகளாக மாற்றுகிறது என்றது அந்த அறிக்கை. பாதிப்பு அதிகம் தெரிந்த நாடுகளின் பட்டியலில் சீனா, எகிப்து, பிரேசில் போன்ற நாடுகளோடு இந்தியாவும் இருந்தது. இணையத்தில் திறந்த நிலையில் 50,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கண்ணில் பட்டதாகவும் காஸ்பர்ஸ்கி சொன்னது.

மொபைலில் ஓட்டை இருந்தால் அப்டேட் வரும், போட்டுக்கொள்ளலாம். டிவிஆருக்கு அந்த அப்டேட்டை யார் தருவார்கள்? தயாரித்த கம்பெனி ‘இந்த மாடலுக்கு இனி சப்போர்ட் இல்லை’ என்று கைகழுவிவிட்டால்? உலகம் முழுக்க சில டெவலப்பர்கள் இதற்கு ஒரு பதிலைத் தேடுகிறார்கள்: பழைய மென்பொருளை மொத்தமாகத் துடைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றுவது.

இது எந்த அளவுக்குச் சாத்தியம்? எங்கே முட்டுகிறது? நம் நாட்டின் புதிய சிசிடிவி விதிகள் இதற்கு உதவுமா, தடையாகுமா?

சுருக்கமாகச் சொன்னால்...

- டிவிஆர் என்பது வெறும் ரெக்கார்டர் இல்லை. லினக்ஸ் ஓடும் ஒரு முழு கம்ப்யூட்டர்.
- சப்போர்ட் முடிந்த பெட்டியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அது அப்படியே நிரந்தரமாகத் திறந்து கிடக்கும்.
- கேமராக்களுக்கு மாற்று ஃபர்ம்வேர் வந்துவிட்டது. டிவிஆருக்கு அது மிகவும் கடினம்.
- இந்தியாவின் புதிய விதி பெட்டியைப் பூட்டச் சொல்கிறது. சப்போர்ட் முடிந்தபிறகு சாவி யாரிடம் என்பதுதான் அடுத்த கேள்வி.

டிவிஆருக்குள்ளே என்னதான் இருக்கு?

மூடியைக் கழற்றினால் ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், சில சமயம் ஒரு சின்ன ஃபேன். போர்டின் நடுவில் இருக்கும் சிப்தான் மூளை. மொபைலில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகை பிராசஸரும், வீடியோவைச் சுருக்கும் பகுதியும் அந்த ஒரே சிப்பில் இருக்கும். பல வருஷங்கள் இந்தச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தது ஹுவாவேயின் துணை நிறுவனமான ஹைசிலிக்கானின் சிப்கள்தான்.

பக்கத்திலேயே விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு ஃபிளாஷ் மெமரி. பழைய போர்டுகள் பலவற்றில் இதன் கொள்ளளவு வெறும் 16 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வீடியோ அளவுகூட இருக்காது. பெட்டியின் மொத்த மென்பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பிராண்டு ஸ்டிக்கரை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியாது. ஒரு தொழிற்சாலை போர்டும் மென்பொருளும் செய்யும். அதை வாங்கி, தங்கள் பெயரை ஒட்டி விற்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதனால் ஒரு ஓட்டை வந்தால் நூறு பிராண்டுக்கும் சேர்த்து வரும். அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

2016-ல் உலகமே திரும்பிப் பார்த்தது ஏன்?

2016 அக்டோபர் 21. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை என அடுத்தடுத்து பல தளங்கள் திறக்கவில்லை. இந்தத் தளங்களின் முகவரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்கள்மீது ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் கோரிக்கைகள் வந்து குவிந்ததுதான் காரணம். அனுப்பியவை பெரும்பாலும் வீட்டுக் கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது.

அந்த வைரஸின் பெயர் மிராய். அது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கும் மேல் அதனிடம் இருந்தன. இணையத்தில் கண்ணில் பட்ட ஒவ்வொரு பெட்டியிலும் அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. திறந்தால் உள்ளே போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த ஷியோங்மாய் நிறுவனத்தின் போர்டுகள் அப்போது பெரிதாக அடிபட்டன. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெட்டிகளில் உள்ளே நுழையும் முதன்மை பாஸ்வேர்டு மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நீங்கள் ஸ்கிரீனில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினாலும் அது மாறாது. இப்படிப்பட்ட பெட்டிகள் 5 லட்சத்துக்கும் மேல் இணையத்தில் இருப்பதாக ஆய்வாளர்கள் அப்போது கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் விற்ற சில பொருட்களைத் திரும்பப் பெறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

மிராயை எழுதியது வெளிநாட்டு உளவு அமைப்பு ஏதாவதா? இல்லை. மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரிய வந்தது. ஆனால் மிராயின் மூல நிரலை அதற்கு முன்பே, 2016 செப்டம்பர் இறுதியில், இணையத்தில் வெளியிட்டுவிட்டார்கள். இன்று வரை வரும் டிவிஆர் வைரஸ்கள் பலவும் அதன் வாரிசுகள்தான்.

அப்புறமாவது சரியாச்சா?

சரியாகவில்லை என்பதற்குப் பட்டியலே இருக்கிறது.

2018 அக்டோபரில், எஸ்இசி கன்சல்ட் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் அதே ஷியோங்மாயின் கிளவுட் சேவையைச் சோதித்தது. மொபைலில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து கேமராவைப் பார்ப்போமே, அந்த வகைச் சேவை அது. ஒவ்வொரு பெட்டிக்கும் தரப்பட்ட அடையாள எண்ணை எளிதில் கணிக்க முடிந்தது. அட்மின் பாஸ்வேர்டு காலியாகவே வந்தது. போதாக்குறைக்கு யாருக்கும் சொல்லாத இன்னொரு யூசர் கணக்கும் உள்ளே இருந்தது. இந்தச் சேவையில் சுமார் 90 லட்சம் பெட்டிகள் இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது.

அதே 2018-ல் டிபிகே டிவிஆர்களில் வெளிவந்த இன்னொரு ஓட்டை இதைவிடக் கொடுமை. உலாவியில் ‘நான் அட்மின்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் போதும், பெட்டி தன் பாஸ்வேர்டைத் தானே சொல்லிவிடும். வேறு வேறு பிராண்டு பெயர்களிலும் இதே பெட்டி விற்கப்பட்டது. ஐந்து வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், இதே ஓட்டையைக் குறிவைத்து 50,000-க்கும் மேற்பட்ட தாக்குதல் முயற்சிகள் பதிவானதாக ஃபோர்ட்டிநெட் நிறுவனம் எச்சரித்தது.

2020 பிப்ரவரியில் ஹைசிலிக்கான் சிப் கொண்ட பல டிவிஆர்களில் ஒரு பின்வாசல் வெளிச்சத்துக்கு வந்தது. குறிப்பிட்ட ஒரு போர்ட்டுக்குச் சில கட்டளைகளை அனுப்பினால் முழுக் கட்டுப்பாடும் கைக்கு வந்துவிடும். தங்கள் சிப்பிலோ, அதோடு தரும் மென்பொருளிலோ அந்தக் குறை இல்லை என்றது ஹுவாவே.

‘சப்போர்ட் முடிஞ்சது’ன்னா என்ன அர்த்தம்?

பெட்டி நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ரெக்கார்டிங் ஓடும், ரிமோட் வேலை செய்யும், எதுவும் மாறினதாகவே தெரியாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டையும் அடைக்கப்படாது.

2024 ஆகஸ்டில் தைவானின் ஏவிடெக் நிறுவனத்தின் ஒரு கேமரா மாடலை மிராய் வகை வைரஸ் தாக்குவதாக அகமாய் நிறுவனம் சொன்னது. அந்த மாடலின் விற்பனை எப்போதோ நின்றுபோயிருந்தது. பேட்ச் கிடையாது. அதே ஆண்டு இறுதியில் இன்னொரு தைவான் நிறுவனமான டிஜிஎவரின் என்விஆர் மாடலுக்கும் அதே கதை. 2025 ஆகஸ்டில் டி-லிங்க்கின் பழைய என்விஆர் மாடல் ஒன்று, அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிடும் ‘தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்’ பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட பொருட்களுக்கு சிசா தரும் அறிவுரை ஒன்றுதான்: பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

சொல்வது சுலபம். எட்டு கேமரா, சுவரைத் துளைத்து இழுத்த கேபிள், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்துப் பணம் போட்ட ஒரு மளிகைக் கடைக்காரர், நன்றாக ஓடுகிற பெட்டியை எதற்குத் தூக்கிப் போடப் போகிறார்? போடமாட்டார். அதனால்தான் மாற்று ஃபர்ம்வேர் என்ற யோசனைக்கே மதிப்பு வருகிறது.

ரவுட்டரில் நடந்த புரட்சி

இந்த யோசனை புதிதில்லை. 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலநிற வைஃபை ரவுட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, லினக்ஸை வைத்துப் பொருள் விற்பவர் அதன் மூல நிரலையும் வாங்கியவருக்குத் தர வேண்டும். அழுத்தம் கூடியதும் லிங்க்சிஸ் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் இன்றும் புதுப் பாதுகாப்பு அப்டேட்டுடன் ஓடுவது இதனால்தான்.

கேமரா உலகில் அதே வேலையைச் செய்வது ஓப்பன் ஐபிசி. ஹைசிலிக்கான், கோக், சிக்மாஸ்டார், இன்ஜெனிக் எனப் பல சிப்களில் ஓடும் ஐபி கேமராக்களுக்கு இதில் மாற்று ஃபர்ம்வேர் இருக்கிறது. இன்ஜெனிக் சிப் கேமராக்களுக்கென்றே திங்கினோ என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. சில மாடல்களில் மெமரி கார்டு வழியாகவே திங்கினோவை ஏற்றிவிடலாம்.

எப்படித்தான் இதை உருவாக்குறாங்க?

ஐந்து படிகளாகப் பார்க்கலாம்.

முதல் படி, சிப்பை அடையாளம் காண்பது. பிராண்டு பெயர் இதற்கு உதவாது. மூடியைத் திறந்து, சிப்மேல் அச்சிட்ட எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் இரண்டு வருஷ இடைவெளியில் விற்ற பெட்டிகளுக்குள் வேறு வேறு சிப் இருப்பது சகஜம்.

இரண்டாவது, பெட்டியோடு ‘பேசுவது’. போர்டின் ஓரத்தில் மூன்று நான்கு சின்னப் புள்ளிகள் இருக்கும். தொழிற்சாலையில் சோதனைக்காக வைத்த சீரியல் வாசல் அது. யுஏஆர்டி என்பார்கள். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு யுஎஸ்பி இணைப்பியைப் பொருத்தினால், பெட்டி ஆன் ஆகும்போது அது தனக்குள் செய்யும் ஒவ்வொரு வேலையும் லேப்டாப் திரையில் வரிவரியாக ஓடும். சரியான நொடியில் ஒரு கீயைத் தட்டினால், லினக்ஸ் எழும்புவதற்கு முன்பே நிறுத்தி, யு-பூட் எனப்படும் தொடக்க மென்பொருளில் நுழையலாம்.

மூன்றாவது, பேக்கப். ஃபிளாஷ் மெமரியில் இருப்பதை ஒரு பைட் விடாமல் நகல் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கை வைத்தால், ஏதாவது தப்பானதும் பெட்டி வெறும் செங்கல்தான். அனுபவம் உள்ளவர்கள் நகலை இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நான்காவது, அந்த நகலைப் பிரித்துப் பார்ப்பது. உள்ளே சுருக்கி வைத்த லினக்ஸ் கோப்புகள், பாஸ்வேர்டு கோப்பு எல்லாம் வெளியே வரும். பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புரோகிராம்தான் எல்லா வேலையையும் செய்யும். ஷியோங்மாய் பெட்டிகளில் அதன் பெயர் ‘சோஃபியா’. படம் பிடிப்பது, பதிவு செய்வது, மெனு காட்டுவது, நெட்வொர்க்கில் பேசுவது எல்லாம் அந்த ஒரே புரோகிராம். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் மொத்தப் பெட்டியும் போச்சு.

ஐந்தாவது, புதியதைக் கட்டுவது. பில்ட்ரூட் என்ற கருவியில் தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, 8 அல்லது 16 எம்பிக்குள் அடங்கும் ஒரு குட்டி லினக்ஸ் தயாரிக்கிறார்கள். உடனே ஃபிளாஷில் எழுதிவிட மாட்டார்கள். முதலில் நெட்வொர்க் வழியாக ரேமில் மட்டும் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி ஆகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால்தான் நிரந்தரமாக எழுதுவார்கள்.

கேமராவுக்கு முடிஞ்சது, டிவிஆருக்கு ஏன் முடியல?

கேமராவுக்கு ஒரே வேலை: படம் பிடித்து அனுப்பு. டிவிஆரின் கதை வேறு. பதினாறு கேமராவின் படத்தை ஒரே நேரத்தில் வாங்க வேண்டும், சுருக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் எழுத வேண்டும், இடம் நிறைந்தால் பழையதை அழிக்க வேண்டும், டிவியில் கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டும், மவுஸை நகர்த்தினால் மெனு வர வேண்டும், ‘நேற்று ராத்திரி 2 மணி’ என்று தேடினால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. வட்டமான பின் வைத்த கோஆக்சியல் கேபிளில் வரும் அனலாக் கேமராக்களின் படத்தை டிஜிட்டலாக மாற்ற போர்டில் தனியாக ஒரு சிப் இருக்கும். அதை இயக்கும் விவரங்களை அதன் தயாரிப்பாளர்கள் ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். வீடியோவைச் சுருக்கும் பகுதியின் டிரைவர்களும் மூடிய கோப்புகளாகவே வரும்.

அந்த மூடிய டிரைவர்கள் குறிப்பிட்ட ஒரு லினக்ஸ் பதிப்போடு கட்டிப்போடப்பட்டவை. உதாரணத்துக்கு லினக்ஸ் 3.10. அந்தப் பதிப்புக்கான பராமரிப்பை லினக்ஸ் குழுவே 2017 நவம்பரில் நிறுத்திவிட்டது. ஆக, ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் போட்டாலும் அடித்தளம் பழசாகவே இருக்க வாய்ப்புண்டு. வாசல்களை அடைக்கலாம், பின்வாசலை எடுத்துவிடலாம், ரகசியக் கணக்கை நீக்கலாம். ஆனால் வீட்டின் அஸ்திவாரத்தை மாற்ற முடியாது. ஓப்பன் ஐபிசியிலேயே கூட, வீடியோவை அனுப்பும் ‘மெஜஸ்டிக்’ என்ற முக்கியப் பகுதியின் நிரல் வெளிப்படையானது இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் ஆர்வம். ஓப்பன் ஐபிசி கேமராக்களை டிரோன் பறக்கவிடும் இளைஞர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அதனால் சோதிக்க ஆள் இருக்கிறது, குறை சொல்ல ஆள் இருக்கிறது. பழைய டிவிஆரை வைத்து யாரும் டிரோன் விடப் போவதில்லை.

அதனால் பலர் சுற்றுவழியில் போகிறார்கள். பெட்டியைத் திருத்துவதற்குப் பதில் பெட்டியின் வேலையையே இடம் மாற்றுகிறார்கள். 2002 முதல் இருக்கும் ஜோன்மைண்டர், ஆள் வருகிறாரா நாய் வருகிறதா என்று பிரித்துச் சொல்லும் ஃபிரிகேட் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே ரெக்கார்டர். ஐபி கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அனலாக் கேமரா என்றால், டிவிஆரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, உள் நெட்வொர்க் வழியாக அதன் படத்தை மட்டும் இந்தக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் புது விதி என்ன சொல்லுது?

அரசு நிறுவனங்களில் உள்ள சுமார் 10 லட்சம் கேமராக்கள் சீன நிறுவனங்களுடையவை என்று 2021-ல் அன்றைய மத்திய தகவல் தொழில்நுட்ப இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். படங்கள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகும் அபாயம் பற்றியும் அப்போது பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2024 ஏப்ரல் 9-ம் தேதி மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்பு நிபந்தனைகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. எஸ்டிக்யூசி போன்ற அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதித்துத் தேறினால்தான் விற்க முடியும்.

நிபந்தனைகள் கறாரானவை. நாம் மேலே பார்த்த யுஏஆர்டி போன்ற சோதனை வாசல்கள் மூடப்பட வேண்டும், அல்லது கடினமான பாஸ்வேர்டு வைத்துக் காக்கப்பட வேண்டும். பெட்டி ஆன் ஆகும்போது, ஏற்றப்படும் மென்பொருளில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கையெழுத்து இல்லாதது ஓடக்கூடாது.

இது தேவையான விதிதான், அதில் சந்தேகமில்லை. பூட்டு இல்லாத கேமராவில் யார் வேண்டுமானாலும் திருட்டு மென்பொருளை ஏற்றலாம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண் நோயாளிகளின் வீடியோக்கள் இணையத்தில் விற்கப்பட்ட சம்பவம் நாட்டையே உலுக்கியது. அந்தப் பெண்களுக்கு நடந்ததைப் பார்த்தபிறகு ‘பூட்டு வேண்டாம்’ என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பூட்டு இன்னொருவரையும் வெளியே நிறுத்துகிறது: பெட்டியின் சொந்தக்காரரை. கையெழுத்துப் போடும் சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. ஐந்து, ஏழு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டால், அல்லது கடையையே மூடிவிட்டால், ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரும் ஏறாது, கம்பெனி ஃபர்ம்வேரும் வராது. தெரிந்த ஓட்டையோடு பெட்டி பூட்டியே கிடக்கும். இன்று பழைய டிவிஆரை மீட்க வழி செய்வது அந்தத் திறந்த யுஏஆர்டி வாசல்தான். நாளைய பெட்டியில் அது இருக்காது.

அப்போ இதுக்குத் தீர்வு?

தீர்வு பூட்டை உடைப்பதில் இல்லை. சப்போர்ட் முடியும் நாளில் சாவியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பதில் இருக்கிறது. மொபைல் உலகில் இது ஏற்கனவே நடக்கிறது. கூகுள் பிக்சல் போனில் பூட்லோடரை அன்லாக் செய்து, வேறு இயங்குதளம் ஏற்றி, அதற்கான சாவியோடு மறுபடி பூட்டவும் முடியும். அதேபோல், கம்பெனி கடைசியாக ஒரு அப்டேட் தர வேண்டும். பெட்டியில் உள்ள பட்டனை நேரில் வந்து அழுத்தினால் மட்டும் வேறு ஃபர்ம்வேர் ஏற அது அனுமதிக்க வேண்டும். இணையம் வழியாக வரும் திருடனால் அந்தப் பட்டனை அழுத்த முடியாது.

முன்னுதாரணமும் உண்டு. 2016-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், விதிமீறல் ஒன்றுக்காக டிபி-லிங்க் நிறுவனத்துடன் சமரசம் செய்தபோது, 2 லட்சம் டாலர் அபராதத்தோடு இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தது: ரவுட்டரில் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் ஏற வழி செய்ய வேண்டும். பாதுகாப்பு விதியும் திறந்த மென்பொருளும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

குறைந்தபட்சம், சப்போர்ட் எத்தனை வருஷம் என்பதையாவது பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய டிஃபால்ட் பாஸ்வேர்டுக்குத் தடை. சப்போர்ட் காலத்தை வாங்குபவருக்குச் சொல்வதும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன. பொதுவாகக் குறைந்தது 5 வருஷமாவது பாதுகாப்பு அப்டேட் தர வேண்டும் என்கிறது அது. ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தை 2022 டிசம்பரிலேயே தொடங்கிய இந்தியா, பழுதுபார்க்கும் உரிமையில் மென்பொருளையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, என் வீட்டு டிவிஆருக்கு நான் இப்போ என்ன செய்யணும்?

உண்மையைச் சொன்னால், நம்மில் பெரும்பாலானோர் மூடியைக் கழற்றி ஃபர்ம்வேர் மாற்றப் போவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கை வராதவர்கள் முயற்சி செய்யவும் வேண்டாம். பெட்டி செங்கல் ஆகலாம், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய பதிவுகள் போகலாம். மின்சாரம் ஓடும் பெட்டி என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் இதையெல்லாம் செய்யலாம்:

- மாடல் எண்ணைப் பாருங்க. பெட்டியின் அடியில் இருக்கும். கம்பெனி தளத்தில் கடைசி ஃபர்ம்வேர் எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள். பல வருஷமாக எதுவும் இல்லை என்றால், சப்போர்ட் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
- நெட் தேவையா என்று யோசிங்க. ரெக்கார்டிங்குக்கு இணையமே வேண்டாம். வெளியூரிலிருந்து மொபைலில் பார்ப்பதற்குத்தான் நெட். அது தேவையில்லை என்றால் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றுங்கள். பழைய டிவிஆருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.
- ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங்கை நீக்குங்க. யுபிஎன்பி என்ற வசதியையும் ஆஃப் செய்யுங்கள். மொபைலில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாகப் பாருங்கள்.
- க்யூஆர் கோடு கிளவுட் வசதியை பயன்படுத்தாவிட்டால் மெனுவில் போய் நிறுத்துங்கள்.
- பாஸ்வேர்டை மாத்துங்க. கேமரா மாட்டிக் கொடுத்தவர் வைத்த பாஸ்வேர்டு அவருக்கும், அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். எல்லா வாடிக்கையாளருக்கும் அதையே வைத்திருக்கவும் கூடும். ஆனால் உள்ளேயே எழுதப்பட்ட ரகசிய பாஸ்வேர்டு இருக்கும் பெட்டியில் இது மட்டும் போதாது.
- புதுசு வாங்கும்போது கேளுங்க: ‘எத்தனை வருஷம் அப்டேட் வரும்? எழுத்தில் தருவீங்களா?’ பதில் வராத கடையில் விலை குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

மூடியைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓப்பன் சோர்ஸ் என்பதாலேயே ஒரு ஃபர்ம்வேர் பாதுகாப்பானதாகிவிடாது. யார் பராமரிக்கிறார்கள், கடைசி அப்டேட் எப்போது, கோப்பு அந்தத் திட்டத்தின் சொந்த இடத்திலிருந்துதான் இறங்குகிறதா என்று பாருங்கள். யாரோ டெலிகிராமில் அனுப்பிய ஃபர்ம்வேரை ஏற்றுவது, பழைய திருடனை வெளியே அனுப்பிவிட்டுப் புதுத் திருடனை உள்ளே அழைப்பது மாதிரி.

அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டிக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள். அதில் பதிவாவது உங்கள் வீட்டு மனிதர்கள், உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள். தயாரித்தவர் விலகிப் போன பிறகு அதைச் சரிசெய்யும் உரிமையும் உங்களுக்கு இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் இன்னும் தெளிவாக எழுதவில்லை. அது எழுதப்படும் வரைக்கும், நெட் கேபிளைக் கழற்றும் உரிமை உங்கள் கையில்தான் இருக்கிறது.